காந்தாரம் இல்லாத கிட்டார்: பாப்-பங்க் என்றால் என்ன?

ஏப்ரல் 15 வந்தால் எங்கள் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் விசைப்படகுகள் எல்லாம் கரையைப் பிடித்துவிடும். மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை 61 நாள். பெயின்ட் அடிப்பது, பலகை மாற்றுவது, வலை கட்டுவது என்று பகல் ஓடிவிடும். சாயங்காலம்தான் நகராது. என் சித்தி மகன் அந்த நேரத்தில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வாசல் வேப்பமரத்தடிக்கு வந்துவிடுவான். கோயிலில் பாடகர் குழுவோடு வாசிக்கிறவன். ஜி, சி, டி, ஈ மைனர் என்று நாலு கார்டை வைத்தே ஞாயிற்றுக்கிழமைப் பூசையைச் சமாளித்துவிடுவான். (சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிப்பதுதான் கார்டு.)

போன தடைக்காலத்தில் ஒருநாள் கேட்டான்: "அண்ணே, ரீல்ஸ்ல பாப்-பங்க் பாப்-பங்க்னு போடுறாய்ங்களே, அது என்ன? ராக்தானா, இல்ல வேற சாதியா?"

வார்த்தையில் சொல்லிப் பார்த்தேன்; எனக்கே விளங்கவில்லை. "வேகமா இருக்கும், ஆனா மெட்டு இருக்கும்" என்றேன். "குத்துப்பாட்டும் அப்படித்தானே" என்றான். நியாயமான கேள்வி. அப்புறம் மைக்செட் கடையில் சும்மா கிடந்த, கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஒரு சின்ன ஆம்ப்பைக் கேட்டு வாங்கிவந்தேன். போனில் ஒரு பழைய ஆல்பத்தையும் தேடி வைத்தேன். அன்றைக்கு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த இசையை முன்பின் கேட்டிராதவர்களுக்காக.

முதலில் 'பங்க்'. 1970களின் நடுவில் ராக் இசை பெரிய பெரிய அரங்குகளுக்குப் போய்விட்டது. பத்து நிமிடப் பாட்டு, அதில் நாலு நிமிடம் கிட்டார் தனி ஆவர்த்தனம். விரல் வித்தை தெரியாதவன் மேடை ஏற முடியாது என்ற நிலைமை. அதற்கு எதிராகத் தெருப் பையன்கள் கிளப்பியதுதான் பங்க். மூன்று கார்டு தெரியுமா, போதும், வா. நியூயார்க்கின் ரமோன்ஸ் குழு 1976இல் முதல் ஆல்பம் போட்டது: 14 பாட்டு, மொத்தமே 29 நிமிடம். நாலு பேரும் 'ரமோன்' என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். அண்ணன் தம்பிகள் இல்லை. அந்த ஆல்பம் அமெரிக்காவில் விற்பனைக்கான 'கோல்டு' அங்கீகாரம் வாங்கியது 2014இல்தான். 38 வருஷம்!

'பாப்' பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட கலப்படம் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரமோன்ஸ் பையன்களே 1960களின் ரேடியோ பாட்டுகளில் ஊறியவர்கள். சத்தத்தைக் கொஞ்சம் விலக்கிவிட்டுக் கேட்டால் உள்ளே இருப்பது கைதட்டிப் பாடக்கூடிய எளிய மெட்டு. மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் 1978இல் தங்கள் முதல் ஆல்பத்தைப் போட்டபோது அரசாங்கத்தைத் திட்டுவதைவிட, காதலித்து மாட்டிக்கொண்டவன் புலம்பலைத்தான் அதிகம் பாடினார்கள். ஆக, பங்க் பிறந்தபோதே பாப்பும் கூடவே பிறந்துவிட்டது.

சரி, இரண்டும் எப்படிச் சேர்கின்றன? இதற்கு விடை கிட்டாரிலேயே இருக்கிறது. ஆம்ப் அதற்குத்தான்.

தம்பியிடம் "ஜி கார்டு பிடி" என்றேன். பிடித்தான். ஆறு கம்பியும் சேர்ந்து, கோயிலில் ஒலிக்கிற மாதிரியே நிறைவாக ஒலித்தது. ஆம்ப்பில் இரைச்சலை ஏற்றும் 'கெயின்' என்ற திருகை முழுசாகத் திருப்பிவிட்டு, "இப்ப வாசி" என்றேன். அதே கார்டு கஞ்சியாய்க் குழைந்துவிட்டது. எது எந்தச் சுரம் என்றே தெரியவில்லை. உள்ளே அடுப்படியிலிருந்து சித்தி, "ஏம்பா, மோட்டார் எதும் எரிஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

"இப்ப ரெண்டே கம்பி. மேல இருக்கிற தடிக் கம்பியில மூணாவது ஃப்ரெட்ல ஆட்காட்டி விரல். அடுத்த கம்பியில அஞ்சாவது ஃப்ரெட்ல மோதிர விரல். மத்தத எல்லாம் தொடாத." (கிட்டார் கழுத்தில் குறுக்குக் கம்பிகளால் பிரிந்த கட்டம்தான் ஃப்ரெட்.)

வாசித்தான். இரைச்சல் அப்படியே இருக்கிறது, ஆனால் இந்த முறை தெளிவு. மரப்பலகையில் சுத்தியல் விழுந்த மாதிரி ஒரு அடி. அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இதற்குப் பெயர் பவர் கார்டு. நம் சங்கீதக் கணக்கில் சொன்னால் ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும். சுருதிப்பெட்டியில் வருகிற அதே ச-ப. சாதாரண கார்டில் இவற்றோடு ஒரு காந்தாரமும் இருக்கும். அந்தர காந்தாரம் என்றால் மேஜர், கேட்க மலர்ச்சியாக இருக்கும். சாதாரண காந்தாரம் என்றால் மைனர், கொஞ்சம் சோகம். சந்தோஷமா துக்கமா என்று தீர்மானிப்பது அந்த ஒற்றைச் சுரம்தான். ஆம்ப்பில் இரைச்சலை ஏற்றினால் சுரங்கள் ஒன்றோடொன்று மோதிப் புதுப்புது ஒலிகளைக் கிளப்பும். ச-ப இரண்டும் நல்ல இணக்கம் என்பதால் தாங்கிக்கொள்ளும். காந்தாரம் சேர்ந்தால் குழம்பிவிடும். அதனால் காந்தாரத்தைக் கழற்றி வைத்துவிட்டார்கள். விரல் அமைப்பையும் மாற்ற வேண்டியதில்லை. அதே இரண்டு விரலை அப்படியே எட்டாவது ஃப்ரெட்டுக்குத் தள்ளினால் சி, பத்தாவதுக்குத் தள்ளினால் டி. அரை நாளில் கற்றுக்கொண்டு விடலாம். பங்க் இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

"அப்ப இது சந்தோஷமா, சோகமா?" என்று கேட்டேன். திரும்ப வாசித்துப் பார்த்தான். "ரெண்டும் இல்லண்ணே, சும்மா மொட்டையா இருக்கு."

"இப்ப வாசிச்சுக்கிட்டே பாடு. அந்தர காந்தாரம் பிடி."

பாடினான். மொட்டையாக இருந்தது சட்டென்று மலர்ந்துவிட்டது. அடுத்து அரைச் சுரம் இறக்கிப் பாடச் சொன்னேன். கிட்டாரில் விரல் அசையவே இல்லை. ஆனால் முகம் தொங்கிப்போன மாதிரி ஆகிவிட்டது.

அவ்வளவுதான் சமாசாரம். கிட்டார் விட்டுவைத்த காந்தாரத்தைப் பாடகனின் குரல் வந்து நிரப்புகிறது. வெறும் பங்க்கில் பாடகனும் பெரும்பாலும் கத்தித் தீர்த்துவிடுவதால் அந்த இடம் காலியாகவே கிடக்கும். பாப்-பங்க்கில் அங்கே ஒரு மெட்டு வந்து உட்காரும். கோபமான சத்தத்துக்கு மேலே ஏங்குகிற குரல். கேட்கும்போது சண்டை போடுகிறானா, அழப் போகிறானா என்று தெரியாது. அதில்தான் இதன் ருசி.

தாளத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது கேட்டாலே பிடிபட்டுவிடும். 'டும்-தட் டும்-தட்' என்கிற சாதாரண ராக் அடியை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுவார்கள். வலது கை கம்பியை மேலிருந்து கீழாகவே அடித்துக்கொண்டிருக்கும். ஜானி ரமோன் இதற்குப் பேர்போனவர். பாட்டு தொடங்கும் முன் 'ஒன் டூ த்ரீ ஃபோர்' என்று ஒருவர் கத்துவார். இதை எங்கள் ஊரில் விளக்கவே வேண்டாம். கரைவலை இழுக்கிறபோது ஒருவர் அம்பாப் பாட்டு எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் 'ஐலசா' போடுவது எதற்காக? எல்லாக் கையும் ஒரே நேரத்தில் இழுப்பதற்காக. நாலு பேர் இந்த வேகத்தில் ஒரே நேரத்தில் விழுந்து எழ வேண்டும் என்றால் ஒருவர் குரல் கொடுத்தே ஆக வேண்டும்.

இனி ஆல்பம். தம்பிக்கு நான் வைத்தது டிசென்டென்ட்ஸ் என்ற குழுவின் முதல் ஆல்பம், 'மைலோ கோஸ் டு காலேஜ்'. 1982இல் வந்தது. 15 பாட்டு, மொத்தம் ஏறக்குறைய 22 நிமிடம், பாட்டுக்குச் சராசரி ஒன்றரை நிமிடம்கூட வராது. பாம்பனில் பஸ் ஏறினால் உச்சிப்புளி வருவதற்குள் முழு ஆல்பமும் முடிந்துவிடும்.

சினிமாப் பாட்டில் வளர்ந்த நமக்கு ஆல்பம் என்றால் ஒரு படத்தின் ஐந்தாறு பாட்டு. கதை ஒருவருடையது, வரி ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. இங்கே அப்படியில்லை. நாலு பேர் தங்கள் வாழ்க்கையையே எழுதி, தாங்களே வாசித்து, ஒரே குவியலாகக் கொட்டியிருக்கிறார்கள். முதல் ஆல்பத்துக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. அதுவரை வாழ்ந்த மொத்த வயதும் அதற்கான சரக்கு. இரண்டாவது ஆல்பத்துக்கு இடையில் கிடைத்த ஒன்றிரண்டு வருஷம்தான் சரக்கு. பல குழுக்களின் முதல் ஆல்பத்தில் இருக்கும் மூச்சுமுட்டல் பிறகு வராமல் போவதற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

தலைப்புக்கு அர்த்தம் தேட வேண்டாம். பாடகர் மைலோ ஆகர்மன் நிஜமாகவே காலேஜுக்குப் போகிறார், உயிரியல் படிக்க. ஆல்பத்தைப் போட்ட கையோடு குழுவை விட்டுப் போகிறவரின் பெயரையே தலைப்பாக வைத்துவிட்டார்கள். அட்டையில் சதுரக் கண்ணாடி, முள்ளாய் நிற்கிற முடி, கழுத்தில் டை என்று அவருடைய கார்ட்டூன் முகம். பங்க் என்றால் கிழிந்த சட்டையும் ஊக்கும் என்றிருந்த காலத்தில் ஒரு படிப்பாளிப் பையனின் முகம்! அவர் பின்னால் முனைவர் பட்டமும் வாங்கினார், டூபாண்ட் நிறுவனத்தில் தாவர ஆராய்ச்சியாளராகப் பல வருஷம் வேலையும் பார்த்தார்.

பாடகர் படிக்கப் போனால் குழு எப்படி ஊர் ஊராகப் போய் வாசிக்கும்? வெளியிட்டது நியூ அலையன்ஸ் என்ற சின்ன நிறுவனம், விளம்பரத்துக்குப் பணமும் கிடையாது. ஆக, வந்த காலத்தில் பாதிப் பேர் காதில்கூட விழாமல் போயிற்று. டிரம்மர் பில் ஸ்டீவன்சன் பிளாக் ஃப்ளாக் என்ற வேறொரு குழுவுக்கு வாசிக்கப் போய்விட்டார். அடுத்த ஆல்பம் 1985இல்தான்.

நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. இவர்கள் கடற்கரைப் பையன்கள். லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தெற்கே மன்ஹாட்டன் பீச், ஹெர்மோசா பீச், ரெடாண்டோ பீச் என்று வரிசையாகச் சின்னக் கடலோர ஊர்கள், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் மாதிரி ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு. ஆல்பத்தைப் பதிவு செய்ததும் ரெடாண்டோ பீச்சில்தான். பில் ஸ்டீவன்சனுக்கும் கிட்டாரிஸ்ட் ஃபிராங்க் நவெட்டாவுக்கும் மீன்பிடிக்கிற பைத்தியம். இதற்கு முந்தின வருஷம் போட்ட ஐந்து பாட்டுச் சின்ன இசைத்தட்டிலேயே 'மிஸ்டர் பாஸ்' என்று ஒரு மீனைப் பற்றிப் பாட்டு உண்டு. நம்ம கொடுவாவை ஆங்கிலத்தில் சீ பாஸ் என்பார்களே, அந்த 'பாஸ்'. ஆல்பத்தில் 'கேட்டலினா' என்ற பாட்டு, அந்தப் பெயருள்ள தீவுக்கு மீன்பிடிக்கப் போவதைப் பற்றியது. கரையிலிருந்து அந்தத் தீவு ஏறக்குறைய 35 கிலோமீட்டர். தனுஷ்கோடியில் நின்று தலைமன்னாரை நினைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட அந்தத் தூரம்.

அந்தப் பாட்டை வைத்ததும், பக்கத்தில் பாய் விரித்து வலை கட்டிக்கொண்டிருந்த பெரியப்பா காதைக் கொடுத்தார். "மீன் பிடிக்கப் போறதப் பத்தின பாட்டுப் பெரியப்பா" என்று தம்பி விளக்கினான்.

"மீன் பிடிக்கவா? இம்புட்டு அவசரமாப் போனா எந்த மீனுடா நிக்கும்?"

அவர் சொன்னது சரிதான். தூண்டில் போட்டுக் காத்திருக்கிற காரியத்தை இந்த வேகத்தில் பாடுவது வேடிக்கைதான். ஆனால் விடுமுறைக்குக் கடலுக்குப் போகிற பையனுக்குக் காத்திருப்பு தெரியாது, கிளம்புகிற ஆசைதான் தெரியும். பாட்டில் இருப்பது அந்த ஆசை. பிழைப்புக்குப் போகிறவர் பாடினால் வேறு தாளம்தான் வரும்.

மற்ற பாட்டுகளும் இப்படித்தான், கைக்கெட்டிய விஷயங்கள். 'பேரன்ட்ஸ்' வீட்டில் அப்பா அம்மா தொணதொணப்பதைப் பற்றியது. தம்பிக்கு மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. 'ஹோப்' ஒருதலைக் காதல்: அவள் வேறொருவனோடு போகிறாள், இவன் என்றைக்காவது திரும்பி வருவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். மேலே சொன்ன காந்தார விளையாட்டைக் கேட்க இதைவிட நல்ல பாட்டு கிடையாது. கிட்டார் கோபமாக இடிக்கிறது, குரல் மட்டும் கெஞ்சுகிறது. சப்லைம் என்ற குழு 1992இல் இதைத் தங்கள் பாணியில் பாடியது. அப்படித்தான் இந்தப் பாட்டு பலருக்குத் தெரியவே வந்தது.

எனக்குப் பிடித்தது 'சபர்பன் ஹோம்'. எழுதியவர் பேஸ் கிட்டார் வாசித்த டோனி லொம்பார்டோ. மைலோவுக்கும் பில்லுக்கும் அப்போது இருபதுகூட ஆகவில்லை. டோனியோ அவர்களைவிடப் பதினேழு பதினெட்டு வயது மூத்தவர், தபால் துறையில் வேலை பார்த்தவர். ஊருக்கு வெளியே ஒரு சாதாரண வீடு வேண்டும், எல்லோரையும்போல இருக்க வேண்டும் என்பதுதான் பாட்டு. பங்க் மேடையில் ஒருவன் இப்படிப் பாடினால் கேட்பவர்கள் கிண்டல் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். டோனி அதை மனசாரத்தான் எழுதினார். தம்பி இதை மட்டும் திரும்பப் போடச் சொன்னான். சித்தப்பா இரண்டு வருஷமாகக் கட்டி, இன்னும் பூச்சு வேலை முடியாத வீட்டின் வாசலில்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

எல்லாமே மாணிக்கம் என்று சொல்ல மாட்டேன். 'ஐம் நாட் அ லூசர்' பாட்டில் தன்பால் ஈர்ப்பினரை இழிவாகச் சொல்லும் வார்த்தை வருகிறது. இன்றைக்குக் கேட்டால் முள் குத்துகிறது. வயிற்றெரிச்சல் பிடித்த பத்தொன்பது வயது, வாயில் வந்ததைப் பாடியிருக்கிறது. இரண்டு மூன்று பாட்டு அரைகுறையாக ஓடி முடிகின்றன. ஆனால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் பாட்டு பிடிக்காவிட்டால் நஷ்டம் ஒரு நிமிடம்தானே.

பின்னால் நடந்தது பலருக்கும் தெரிந்த கதை. 1994இல் கிரீன் டே குழுவின் 'டூக்கி' வந்தது, அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிக்கு மேல் போயிற்று. 1999இல் பிளிங்க்-182இன் 'எனிமா ஆஃப் த ஸ்டேட்' வந்தது. பாப்-பங்க் என்றால் பெரும்பாலோர் நினைப்பது இவர்களைத்தான். நல்ல ஆல்பங்கள், பதிவும் சுத்தமாக இருக்கும். அவற்றைக் கேட்ட காதோடு 1982க்குத் திரும்பி வந்தால், மெட்டு, அவசரம், வீடு, காதல் தோல்வி, தன்னைத்தானே கிண்டல் செய்வது என எல்லாமே இங்கே ஏற்கெனவே இருப்பது தெரியும். மெருகு மட்டும் இருக்காது.

புதிதாகக் கேட்கிறவர்களுக்கு ஒரு யோசனை. முதல் பாட்டிலிருந்து தொடங்க வேண்டாம். 'ஹோப்', 'சபர்பன் ஹோம்', 'கேட்டலினா', இந்த மூன்றையும் முதலில் கேளுங்கள், ஹெட்போன் இல்லாமல் சும்மா போன் ஸ்பீக்கரில். முதல் தடவை டிரம்மை மட்டும் கவனியுங்கள். இரண்டாம் தடவை குரலை மட்டும், கூடவே முணுமுணுத்துப் பாருங்கள். வரி புரியாவிட்டாலும் மெட்டு வாயில் வந்துவிட்டால் போதும். அப்புறம் முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில், நிறுத்தாமல். நடுவில் எந்தப் பாட்டு முடிந்தது, எது தொடங்கியது என்று குழம்பும், பரவாயில்லை.

பிடித்துப்போனால் '9த் அண்ட் வால்நட்' என்ற ஆல்பத்தைத் தேடுங்கள். மைலோ வருவதற்கு முன்னும் வந்த புதிதிலும், 1977க்கும் 1980க்கும் இடையே எழுதிவைத்த பாட்டுகள் அவை. ஃபிராங்க், டோனி, பில் மூவரும் 2002இல் வாசித்துப் பதிந்தார்கள், மைலோ 2020இல் குரல் கொடுத்தார், 2021இல் வெளியாயிற்று. அதற்குள் ஃபிராங்க் இல்லை, 2008இல் இறந்துவிட்டார்.

ஃபிராங்கின் கதையைக் கடைசியில்தான் தம்பியிடம் சொன்னேன். முதல் ஆல்பம் வந்த கொஞ்ச நாளில் மனுஷன் குழுவை விட்டு விலகி, தன் இசைக் கருவிகளை எல்லாம் கொளுத்திவிட்டு, வடக்கே ஒரிகன் மாநிலத்துக்குப் போய் மீனவராகிவிட்டார்.

தம்பி மடியில் கிடந்த கிட்டாரைப் பார்த்தான். பெரியப்பா வலை ஊசியை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"நெசமாவே கடலுக்குப் போனாரா?"

"ஆமா பெரியப்பா."

"அங்கிட்டு மீன்பாடு எப்படியாம்?"